வாய்தா வைத்த வியாழக்கிழமை

கல் நட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லைக்கல். யுனிவர்சிட்டி ஆட்கள் வெள்ளையடித்து, தலையில் சிவப்புக் கோடு போட்டு, வரப்பு முக்கில் புதைத்த கல். சுண்ணாம்பு காயவில்லை. அவள் புடவையின் பின்பக்கம் வெள்ளையாக அப்பிக்கொண்டது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றோம். லேடீஸ் ஹாஸ்டல் வரப்போகிற இடத்தைப் பார்க்க வந்த கூட்டம். தலைமை அடியேன். படிப்பது எம்.ஏ. முதல் வருஷம், வாய் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கியது.

"எந்திரிங்கம்மா, அளக்கணும்," என்றார் சர்வேயர்.

"அளங்க. உங்க சங்கிலிய நானா புடிச்சிட்டிருக்கேன்."

"கல்லு மேல உக்காந்தா எப்புடி அளக்குறது?"

"வயல்ல கல்ல நட்டா நான் எப்புடி அறுக்குறது?"

சம்பாவில் கதிர் வெளியே வரும் நேரம். சர்வேயரின் ஆட்கள் நடந்த தடத்தில் பயிர் படுத்துக் கிடந்தது. பால் பிடிக்கிற கதிருக்கு ஒரு வாசனை உண்டு, பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக. மிதிபட்டதால் அது இன்னும் கூடுதலாக அடித்தது.

சும்மா இருக்க முடியுமா? நான் முன்னால் போனேன்.

"இது இப்ப யுனிவர்சிட்டி நிலம்ங்க. மடத்துக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. பதிவேட்டுல குத்தகைக்காரங்கன்னு யாரு பேருமே இல்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

என் ரூம்மேட் நூர்ஜஹான் பெருமையாகச் சொல்லிவிட்டாள். "வி.சி. அம்மா பொண்ணு. கயல்விழி."

"அட. உங்கம்மாவ எனக்குத் தெரியுமே. அப்ப ஒல்லியா இருக்கும். ஜீப்புல வந்துச்சு." வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். "போயி கேளு. எங்க வீட்டுக்காரரு மனுவுக்கு ஏன் வியாழக்கெழமையில வாய்தா வச்சீங்கன்னு."

வாய்தா என்றால் விசாரணைக்கு வரச் சொல்லிக் குறிக்கிற நாள்.

"வியாழக்கிழமைக்கு என்ன?"

"அதுவும் உங்கம்மாவுக்குத் தெரியும்," என்றாள்.

மூன்று வேலை, ஒரே பெயர்

போன வாரம் இந்தத் தொடரில் அம்மாவின் சமையலைப் பற்றி எழுதியதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. இந்த வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பார்க்கலாம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக அம்மாவின் ஜாதகம் சுருக்கமாக. அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பம். தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு படகு. தெருவில் முதல் பி.ஏ. அம்மாதான். அரசாங்கப் பரீட்சை எழுதி வருவாய்த்துறைக்குள் நுழைந்தாள். பிறகு அரசாங்கம் அவளைப் பள்ளிக்கூடப் புத்தகம் அச்சடிக்கும் இடத்துக்குத் தலைமையாக அனுப்பியது. அங்கே இருந்தபடியே டாக்டர் பட்டம் வாங்கினாள். கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர்.

மூன்று வேலையிலும் அவளுக்கு ஒரே பெயர்தான். ஃபைல் தேங்காது.

ஆட்சி மாறும், கரை வேட்டியின் கரை மாறும், சுவரில் சின்னம் மாறும். யார் வந்தாலும் மேலிடத்துக்கு அம்மாவைப் பிடிக்கும். காரணம் கொள்கை இல்லை. சொன்ன தேதிக்கு வேலை முடிந்திருக்கும்.

அவளால் உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவாள். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது, அதனால்தான் இந்தத் தொடரில் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் இன்னொன்றில் போய் நிற்கிறேன்.

புத்தகம் அச்சடித்த காலத்தில் நடந்த ஒன்று. நாலாம் வகுப்பு பூகோளப் புத்தகத்தில் ஓர் ஆற்றை வேறு ஜில்லாவுக்குள் ஓடவிட்டுவிட்டார்கள். புத்தகம் மூட்டை கட்டியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. அம்மா பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து, ஒரு குண்டான் மைதாப் பசை காய்ச்சி, ஊழியர்கள் குடும்பத்தையெல்லாம் கோடவுனில் உட்காரவைத்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்ட வைத்தாள். நானும் ஒட்டினேன். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் விரல் பிசுபிசுத்தது.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஸ்டல் வேண்டும் என்று கத்தியவள்

அம்மாவின் துணைவேந்தர் பங்களாவில் எனக்குத் தனி அறை இருந்தது. கௌரவமாக ஹாஸ்டலில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்துப் போனவள் நான். மூன்று பேர் அறையில் ஏழு பேர். சிலர் மெஸ் பெஞ்சில் படுத்தார்கள். மைக் பிடித்து, பந்தல் போட்டு, அம்மாவின் ஆபீஸ் வாசலிலேயே அம்மாவுக்கு எதிராகக் கோஷம் போட்டேன். பெண்கள் என்னைத் தோளில் தூக்காத குறை.

அப்போதுதான் மடத்து நிலம் கிடைத்தது. அமைச்சர் தை மாதம் வந்து அடிக்கல் நாட்டுவதாக முடிவாகி, வரவேற்பு வளைவுக்கு மூங்கில்கூட வந்து இறங்கிவிட்டது. ஊரில் ஒரே ஓர் ஆட்சேபணை மனு. கல்லில் உட்கார்ந்த சௌந்தரம் அம்மாள் போட்டது. மறு புதன்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. குத்தகைக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதமாவது காட்டாவிட்டால் கதிரோடு நிலம் போய்விடும்.

எனக்கு மண்டைக்குள் அந்த வியாழக்கிழமை குடைந்துகொண்டே இருந்தது. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். சாதாரணமாக அங்கே யாரையும் விடமாட்டார்கள். "வி.சி. அம்மா பொண்ணுங்களா, உக்காருங்க, காபி சொல்லவா," என்றார் கிளார்க். வெட்கம் இல்லாமல் உட்கார்ந்தேன்.

சிவப்புத் துணி மூட்டை ஒன்றைத் தட்டி எடுத்து வந்தார். தும்மல் தாங்கவில்லை. அந்தக் காகிதங்கள் எழுதப்பட்டபோது நான் கைக்குழந்தை. நிலத்தில் உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சட்டம் வந்த புதுசு. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் அடிதடி, அறுவடைக்குப் போலீஸ் காவல் என்று இருந்த காலம். அம்மா பதிவு அதிகாரி.

அந்த ஊர் மனுக்கள் எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே மை, ஒரே வரி. மனுதாரர் ஆஜர் இல்லை. தள்ளுபடி.

கீழே கையெழுத்து. என் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் நான் பார்த்து வளர்ந்த அதே கையெழுத்து.

மடையில் நின்றவர்

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன். சௌந்தரம் அம்மாள் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ஏன் போகல?"

"கேட்டியா உங்கம்மாவ?"

"இன்னும் இல்ல. நீங்க சொல்லுங்க."

அறுத்துக்கொண்டே சொன்னாள். "அந்த வருசம் ஆத்துல தண்ணி கம்மி. ஆறு நாளைக்கு ஒருக்கா முறை வச்சு விட்டாங்க. எங்க வாய்க்காலுக்கு முறை வந்தது அந்த வியாழக்கெழம. விட்டா மறுபடி ஆறு நாளு. நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு. மனுசன் மடையில நிப்பாரா, மனுவப் புடிச்சுக்கிட்டு நிப்பாரா?"

"ஊர்ல ஒருத்தர்கூடவா போகல?"

"எல்லாருக்கும்தான் நாத்தங்கால் இருக்கு. சாயந்தரம் சேத்துக் காலோட ஓடுனாரு. ஜீப்பு பொறப்பட்டுப் போயிடுச்சு. அப்புறம் தாலுக்காபீசுக்கு நடையா நடந்தாரு. ஆர்டர் போட்டாச்சுன்னுட்டாங்க."

"அப்பீல் போட்டிருக்கலாமே."

"அது எந்தக் கடையில விக்கும்?"

மீதியையும் அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகும் அவர்கள்தான் அதே நிலத்தில் பயிர் செய்தார்கள். வருஷா வருஷம் குத்தகை நெல்லை அளந்தார்கள். மடத்துக் காரியஸ்தர், அதாவது நிலத்தை மேற்பார்க்கும் ஆள், வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டால், நமக்குள்ள என்ன ரசீது என்பாராம். கணவர் ஐந்தாறு வருஷத்துக்கு முன் இறந்தார். இப்போது காரியஸ்தரும் இல்லை. காகிதத்தில் சௌந்தரம் அம்மாளும் இல்லை.

நின்றபடி சாப்பிட்ட மத்தியானம்

ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனேன். கொடுவா மீன் குழம்பு. அம்மா வழக்கம்போல் ஜன்னல் பக்கம் நின்றபடி தட்டை ஏந்திச் சாப்பிட்டாள். நான் கேட்டேன்.

"ஞாபகம் இல்ல. அந்த சீசன்ல எத்தன மனு பாத்திருக்கேன்."

"எல்லாத்துலயும் ஒரே வரி எழுதியிருக்க."

"ஆஜராகலன்னா தள்ளுபடி. அதான் ரூல்."

"அன்னிக்கு அவங்களுக்கு முறைத்தண்ணி."

அம்மா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு முள் எடுத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் கழிச்சு. டிரைவர் சிரிச்சுக்கிட்டே சொன்னான், அன்னிக்கு முறையாச்சேம்மா, எவன் வருவான்னு. அந்த நாளச் சொன்னதே மடத்துக் காரியஸ்தர்தான். நடவு இன்னும் ஆரம்பிக்கல, எல்லாருக்கும் தோதா இருக்கும்மான்னாரு. நானும் சரின்னு எழுதிட்டேன். நான் கடக்கரைக்காரி. கடல்ல ஓதம் எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாய்க்காலுக்கு முறை இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

"தெரிஞ்சப்புறம் என்ன பண்ண?"

"அதுக்குள்ள மாத்தல் வந்துருச்சு. சீக்கிரம் முடிச்சதுக்குப் பாராட்டுக் கடுதாசியும் வந்துருச்சு."

"ஆத்தைத் திருப்பிவிட சீட்டு ஒட்டினியே. இதுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்ல."

"ஆர்டர்ல அதெல்லாம் ஒட்ட முடியாதுடி."

"அந்த ஆள நெனச்சாவது பாத்தியா?"

"மொகமும் ஞாபகம் இல்ல, பேரும் ஞாபகம் இல்ல. போதுமா?" தட்டை மேஜையில் வைத்தாள், சத்தமாக. "நீதான மைக்குல கத்துன, ஹாஸ்டல் வேணும் ஹாஸ்டல் வேணும்னு. இந்த எடம் போனா எங்க கொண்டுபோயிக் கட்டுறது? உன் தலையிலயா?"

இன்னொன்றும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை. அம்மாவின் பதவிக்காலம் முடியப் போகிறது. இன்னொரு தடவை நீட்டிப்பதற்கான ஃபைல் கோட்டையில் இருந்தது. அமைச்சர் அடிக்கல் நாட்டி, போட்டோ பேப்பரில் வந்தால் அது தானாக நகரும்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி நூர்ஜஹானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன, முடியலன்னா பங்களாவுக்குப் போயிடுவ. எங்க வாப்பா மெஸ் பெஞ்சப் பாத்துட்டுப் போயிருக்காரு. ஹாஸ்டல் வர்ற மாதிரி தெரிஞ்சாதான் அடுத்த வருசம் அனுப்புவாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே ரெக்கார்டு ரூமுக்குப் போனியா?"

"போகும்போது இது இருக்கும்னு தெரியாதுடி."

"இப்பத் தெரிஞ்சுபோச்சு. என்ன செய்யப் போற?"

அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பாமல் படுத்தாள். ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர் முதுகைக் காட்டிப் படுத்தால் இடம் பத்தாது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

தப்புத் தப்பாக அடித்த தாள்

எனக்கு சஸ்பென்ஸ் வைக்கத் தெரியாது, அதனால் பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் அந்த இடத்தில் வரவில்லை. மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு நீட்டிப்பும் வரவில்லை. நூர்ஜஹானின் வாப்பா சொன்னதைச் செய்தார். அவள் மீதிப் படிப்பை அஞ்சல் வழியில் முடித்தாள். அவள் இந்தத் தொடரைப் படிக்கிறாளா என்று தெரியாது. படித்தால் அவளிடம் சொல்ல என்னிடம் இப்போதும் ஒன்றும் இல்லை. ஆர்.டி.ஓ. பழைய மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்தார். மடம் அப்பீலுக்கு மேலே போயிருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதவில்லை. நிலத்தில் சௌந்தரம் அம்மாள்தான் பயிர் செய்கிறாள்.

இதெல்லாம் ஆரம்பித்தது விசாரணைக்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலையில். அம்மா கார் அனுப்பி என்னை வரச் சொன்னாள்.

"மிஷின எடு," என்றாள்.

டைப்ரைட்டரை மேஜையில் வைத்தேன். டைப்பிங்கில் நான் புலி. வேகம் உண்டு, தப்பும் உண்டு. அம்மா ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் நடந்துகொண்டே சொன்னாள். சமையலறைப் பக்கம் போனபோது குரல் தேய்ந்தது, திரும்பி வரும்போது பெரிதானது. நான் காதை நீட்டிக்கொண்டு அடித்தேன்.

"நிர்வாகக் காரணங்களால், மேற்படி மனுக்களின் விசாரணை, மேற்படி தேதியில்..."

நான் நிறுத்தினேன்.

"என்ன?"

"நிர்வாகக் காரணம்னா யாரு?"

"அடிடி."

"மாட்டேன்."

சமையலறை வாசலில் நின்றாள். அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அந்தத் தாள உருவு. வேற போடு."

வேறு தாளில், மறுநாள் ஆர்.டி.ஓ.விடம் கொடுப்பதற்காக அடித்ததன் சுருக்கம் இது. நிலச் சொந்தக்காரரின் ஆள் சொன்ன நாளை, ஊரில் யாரையும் கேட்காமல், நானே வாய்தாவாகக் குறித்தேன். அது முறைத்தண்ணீர் நாள். மனுதாரர் வராததற்கு அதுவே காரணம். மனுவின் நியாயத்தை விசாரிக்காமலே தள்ளுபடி செய்தேன். ஒரு மாதத்தில் எனக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்தும் நான் எதுவும் செய்யவில்லை.

கடைசி வரியை அவள் சொல்லி முடித்த பிறகு எனக்கு விரல் ஓடவில்லை. "தெரிந்தும்" என்ற சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

கையெழுத்துப் போட்டாள், நின்றபடி. கீழே எந்தப் பதவியைப் போட என்று கேட்டேன்.

"அப்ப என்னவா இருந்தேனோ அதப் போடு. வி.சி.ன்னு போட்டா தப்ப வேற யாரோ பண்ண மாதிரி இருக்கும்."

வரப்பில்

கார் மதகு வரைக்கும்தான் போகும். அங்கேயிருந்து அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். காலில் சேறு படாமல் நடக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை வழுக்கி என் தோளைப் பிடித்தாள். பனி ஈரம் எங்கள் புடவையை முழங்கால் வரை நனைத்துவிட்டது.

சௌந்தரம் அம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். அரிவாளை நிறுத்தவில்லை.

"நல்லாயிருக்கீங்களா?" அம்மா கேட்டாள்.

"இருக்கேன். நீங்க ஒடம்பு போட்டுட்டீங்க."

"உக்காரலாமா?"

"வரப்பு எல்லாருக்கும் பொதுதான்."

அம்மா உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். "படிச்சுக் காட்டு," என்றாள்.

மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை எனக்கு. அன்றைக்கு இரண்டு பேருக்குக் கேட்டால் போதும் என்று படித்தேன். படித்து முடித்ததும் சௌந்தரம் அம்மாள் ஒரு கைப்பிடிப் புல்லை உதறிக் கட்டோடு சேர்த்தாள்.

"நாலு எடத்துல மனுதாரர் மனுதாரர்னு வருதே, அது யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தாங்க."

"ஏன், அவருக்குப் பேரு கெடையாதா?"

தூக்கிவாரிப் போட்டது. அவசர அவசரமாகப் பேனாவைத் திறந்தேன். "சொல்லுங்க, எழுதிடுறேன். என்ன பேரு?"

அவள் வாயை மூடிக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா."

"சாமி பேருதான்."

"எந்தச் சாமி? முருகனா, சிவனா?" கேட்டுக்கொண்டே போனேன். கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது என்று இவ்வளவு படித்த மூளைக்கு உறைக்கவில்லை. அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. எனக்குக் கடுப்பு. நாளைக்கு விசாரணை, இன்றைக்குப் போய் விடுகதை போடுகிறாளே என்று.

"வைத்திலிங்கம்," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திரும்பினோம். அம்மா கதிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் செருப்பைத் தவிர ஒன்றும் இல்லை. நோட்டு இல்லை, காகிதம் இல்லை.

"தகப்பனார் கோவிந்தசாமி. மேல மடை. ரெண்டு ஏக்கர் பதினேழு சென்ட். மனு வரிசையில மூணாவது ஆளு. கைநாட்டு இல்ல, கையெழுத்துப் போட்டிருந்தாரு."

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா என் பக்கம் பார்க்கவில்லை.

"எழுதுடி," என்றாள்.

தாளை முழங்காலில் வைத்து நாலு இடத்திலும் மனுதாரரை அடித்தேன். மேலே வைத்திலிங்கம் என்று எழுதினேன். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. அம்மா ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள், இந்தத் தடவை உட்கார்ந்தபடி.

சௌந்தரம் அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் படி," என்றாள் என்னிடம், அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு.

முதலிலிருந்து படித்தேன். அவள் குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். பெயர் வந்த நாலு இடத்திலும் அரிவாள் நின்றது.